கொட்டாங்குச்சியில் சுக்குக் காப்பி

மூங்கில் வளைவுக்கு வெளியே ஆட்டோ நின்றதும் ஜாக்குலினின் மூக்கில் முதலில் ஏறியது சாணி வாடை. மாமல்லபுரத்தைத் தாண்டிக் கல்பாக்கம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், ஒரு சவுக்குத் தோப்புக்குள் இருந்தது அந்த இடம். கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது. ஆனால் உப்புக் காற்றையும் மீறிக்கொண்டு சாணிதான் வந்தது. வாசல் சுவரை அன்று காலையில்தான் மெழுகியிருக்க வேண்டும். இழுத்த விரல்களின் தடம் ஈரமாகவே தெரிந்தது.

ஆட்டோக்காரர் செல்வராஜ் பையை இறக்கி வைத்தார். "வண்டி உள்ள வுட மாட்டாங்கம்மா. கூரை வூட்ல ஒரு ராத்திரி படுக்க இன்னா வாடகைன்னு கேட்டீன்னா இங்கியே மயக்கம் போட்டுருவே. எங்க வூட்ல வந்து படுங்கடா, சும்மா தரேன்னு சொன்னா எவனும் வர மாட்றான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

ஜாக்குலினுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. மதுராந்தகம் வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். இரவில் சமையலறையை ஒழித்துப் போட்ட பிறகு கதை எழுதுவாள். ஆறு ஆண்டுகளில் ஒன்பது கதைகள் தேறியிருந்தன. அவற்றில் இரண்டு, சிறுபத்திரிகைகளில் வந்தன. தொகுப்பாகப் போடச் சொல்லிக் கேட்டபோது மூன்று பதிப்பகங்கள் முகம் திருப்பின. தாசில்தார் ஆபீசில் நடப்பதைக் கதை என்று யார் வாங்கிப் படிப்பார்கள் என்று ஒருவர் நேரிடையாகவே கேட்டார்.

அந்த நிலையில்தான் 2006ஆம் ஆண்டின் இறுதியில் அந்த அறிவிப்பு அவள் கண்ணில் பட்டது. இயற்கையோடு இயைந்த ஒரு தங்குமிடத்தில் படைப்பாளர்களுக்கு ஒரு வார முகாம். முடிவில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுவார். அவருடைய கதைகளை முகாமை நடத்துபவர்களே புத்தகமாகக் கொண்டுவருவார்கள். அவள் மூன்று கதைகளை அனுப்பினாள். பொங்கல் கழிந்ததும் அழைப்பு வந்தது. விடுப்பு விண்ணப்பத்தில் சொந்த அலுவல் என்று எழுதினாள். துணை வட்டாட்சியர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பையில் ஒன்பது கதைகளும் தெளிவாகப் படியெடுத்து வைக்கப்பட்டிருந்தன. அந்தப் புத்தகம் அவளுக்கு வேண்டும். அதற்காகத்தான் வந்தாள், கடல் பார்க்க வரவில்லை.

வாசலில் தாவீது நின்றான். பக்கத்துக் காலனிக்காரன், முப்பது வயதிருக்கும். கையில் பனையோலைக் கூடை, வெறுங்கால்.

"செருப்ப இதுல போட்டுடுங்க மேடம்."

எதற்கு என்று கேட்டாள். உள்ளே யாரும் காலில் எதுவும் போடக் கூடாது, பாதம் மண்ணைத் தொட வேண்டும் என்பது இந்த இடத்தின் கட்டுப்பாடு என்று அவன் மனப்பாடமாகச் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கூடையிலேயே இருந்தது.

ஜாக்குலின் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய அப்பா மோசஸ், மதுராந்தகத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊர்த் தெருவை அவரும் அவருடைய சொந்தங்களும் கடக்க வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தெருக்கோடி வந்த பிறகுதான் போட்டுக்கொள்ளலாம். மகள் பள்ளியில் சேர்ந்த நாளிலேயே அவளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவர் அவர். அறுந்தால் தைப்பதில்லை, புதிதாகவே வாங்குவார்.

அவளுக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய இளைஞன், நாவலூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவன், தன் பெயர் நிதின் என்றான். வந்த வேகத்தில் கனத்த காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் கால் விரல்களை நெளித்துப் பார்த்தான். "செமையா இருக்குக்கா. சின்ன வயசுக்கப்புறம் இப்பதான் வெறுங்கால்ல நிக்கிறேன்" என்றான். அவன் குரலில் துளிக்கூடப் பொய் இல்லை. அதுவே அவளுக்குக் குமட்டியது.

வரிசை பின்னால் நீண்டது. புத்தகத்தை நினைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக் கூடைக்குள் போட்டாள். உள்ளே நடந்தபோது மணல் சுடவில்லை, குத்தவில்லை. ஆனாலும் பாதத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

அவளுக்குக் கொடுத்த குடிலுக்கு மண் சுவர், ஓலைக் கூரை, சாணி மெழுகிய தரை. குனிந்துதான் நுழைய வேண்டும். மின்சாரம் உண்டு, ஆனால் விளக்கின் மீது மண் சட்டியைக் கவிழ்த்து மங்கலாக்கியிருந்தார்கள். ஓலையிலிருந்து பூச்சி ஒன்று தலையணைமேல் விழுந்தது. மழைக்காலத்தில் இப்படியொரு ஓலைக்கடியில் தட்டுமுட்டுச் சாமான்களை மூலைக்கு மூலை நகர்த்தி வைத்தவர்கள் அவளுடைய வீட்டார். அரசு கட்டிக் கொடுத்த கான்கிரீட் கூரைக்கு அவள் அம்மா ஒன்பது ஆண்டுகள் மனுப் போட்டாள். கழிப்பறை இன்னும் மோசம். தண்ணீர் கிடையாது, கீழே ஒரு வாளி, பக்கத்தில் மரத்தூள். வாளியை யார் எடுப்பது என்று தண்ணீர்ப்பானை கொண்டுவந்த தாவீதைக் கேட்டாள். அவன் பானையை நேராக வைப்பதில் மும்முரமானான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது.

மாலையில் நடுக் கூடத்தில் அனைவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தங்குமிடத்தின் உரிமையாளர் ஹேமந்த் வந்தார். ஐம்பதை நெருங்கியவர், அமெரிக்காவில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவர், கதர்ச் சட்டை, வெடித்த குதிகால். யாரையும் அதட்டாத குரல். நாம் இழந்த எளிமையை இங்கே மீட்டெடுக்கிறோம் என்று அவர் சொன்னபோது கண்கள் உண்மையிலேயே கலங்கின. பிறகு, எல்லாருக்கும் வரவேற்புப் பானம் வந்தது.

தாவீதுதான் கொண்டுவந்தான். பெரிய மூங்கில் தட்டு. அதில் வரிசையாக, தேய்த்து மெருகேற்றிய கொட்டாங்குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஆவி பறக்கும் சுக்குக் காப்பி.

நிதின் இரண்டு கையாலும் வாங்கி மோந்து பார்த்தான். யாரோ ஒரு பெண்மணி, பிளாஸ்டிக் கப்புக்கு இதுதான் சரியான பதில் என்றாள். தட்டு ஜாக்குலினின் முன்னால் வந்து நின்றது. அவள் கை நீளவில்லை.

"எனக்கு ஒரு டம்ளர்ல குடுங்க" என்றாள்.

இங்கே எவர்சில்வரே கிடையாது என்று ஹேமந்த் புன்னகையோடு விளக்கினார். உலோகம், கண்ணாடி, பீங்கான் எதையும் பத்து ஆண்டுகளாக உள்ளே விட்டதில்லை என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தாவீது தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் பின்பக்கம் போனான். வரும்போது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. விளிம்பு நசுங்கியது, நன்றாகக் கழுவப்பட்டது.

"என்னோடதுக்கா. வேல செய்றவங்க நாங்க யாரும் அதுல குடிக்கிறதில்ல. வூட்லருந்து கொண்டாந்துருவோம்" என்றான். மேடம் என்று கூப்பிட்ட வாய் அக்கா என்று மாறியதை அங்கே ஜாக்குலின் ஒருத்திதான் கவனித்தாள்.

ஹேமந்துக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் அவ்வளவு மரியாதை இருந்ததால் அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எங்க அப்பாவுக்கு ஊர் டீக்கடையில இதுலதான் ஊத்துனாங்க. கூரையில கயிறு கட்டித் தொங்க விட்டிருப்பாங்களாம். எங்க ஆளுங்க வந்தா அவங்களே எடுத்து, அவங்களே கழுவி, தூரப் பிடிச்சிகிட்டு நிக்கணும். செருப்பையும் கையில தூக்கிகிட்டுதான் அந்தத் தெருவுல நடக்கணும். கழட்டிக் கூடையில போடச் சொன்னீங்க, போட்டேன். இதுல குடிக்க மாட்டேன்."

நிதின் தன் கையிலிருந்ததை மெல்லக் கீழே வைத்தான். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹேமந்த் எழுந்து வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இதைத்தான் நீங்க எழுதணும், ஜாக்குலின். இந்த நிமிஷத்தை. நாளைக்கு இதே கூடத்துல, அந்தக் கொட்டாங்குச்சியை முன்னால வச்சுகிட்டு நீங்க படிக்கணும். உங்க புத்தகத்துக்கு முதல் கதையே இதுதான்."

புத்தகம் என்ற சொல் அவள் காதில் விழுந்தது. அவ்வளவு பக்கத்தில் அது என்றைக்கும் வந்ததில்லை. அதே கணத்தில், வாசலில் சாணி வாடை ஏறியபோது உண்டானதைவிடப் பெரிய அருவருப்பு அவளுக்குள் எழுந்தது. கொட்டாங்குச்சியை அகற்றச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அதை முன்னால் வைத்துப் படிக்கச் சொல்லத்தான் தோன்றியது.

தன்னிடம் ஒன்பது கதைகள் இருக்கின்றன, அவற்றையே படிப்பதாகச் சொன்னாள். அவை அலுவலகக் கதைகள் அல்லவா என்றார் ஹேமந்த், இரக்கத்தோடு.

அன்றிரவே அவள் வாசலுக்குப் போய்க் கூடையிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஹேமந்த் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் விதிவிலக்கு என்று எல்லாரிடமும் அறிவித்தார். அது தண்டனையைவிடக் கேவலமாயிற்று. அவள் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் பேச்சு நின்றது. கோயில் படியில் கிடக்கும் எதையோ பார்ப்பதுபோல் அனைவரும் அவள் செருப்பையே பார்த்தார்கள். கொட்டாங்குச்சிகள் மட்டும் வேளை தவறாமல் மற்றவர்களுக்கு வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் தாவீதிடம், பேசாமல் கிளம்பிவிடலாமா என்று கேட்டாள்.

"கெளம்பினா அவங்களுக்கு இன்னா நஷ்டம்? படிச்சிட்டுப் போக்கா. டம்ளர் நான் தரேன்" என்றான் அவன்.

ஐந்தாம் நாள் அவளுடைய முறை வந்தது. அலுவலகப் பதிவறையில் இருக்கும் ஒரே மின்விசிறிக்காக இரண்டு எழுத்தர்கள் பதினோரு ஆண்டுகள் போடும் சண்டையைப் பற்றிய கதையைப் படித்தாள். ஒருவர் ஓய்வுபெறும் நாளில் மின்விசிறி பழுதாகிவிடும். அவள் எழுதியதிலேயே சிறந்தது அது. வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய இடங்கள் நான்கு உண்டு. ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் முன்னால் சிரிப்பது தகாது என்று நினைத்தார்களோ என்னவோ, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டார்கள். மொழி நன்றாயிருக்கிறது என்று ஹேமந்த் சொன்னார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்ற தாவீது மட்டும், மின்விசிறி இடத்தில் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

கடைசி நாள் காலையில் நிதின் படித்தான். கதையின் பெயர் 'கொட்டாங்குச்சி' என்று அறிவித்தான். ஓர் ஊர், ஒரு டீக்கடை, கூரையில் தொங்கும் கொட்டாங்குச்சி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் வருகிறான். அவன் பெயர் மாடசாமி. தெற்கத்திப் பெயர், மதுராந்தகம் பக்கம் யாருக்கும் வைக்காத பெயர். கண்ணீர் கலந்த டீயைக் குடித்துவிட்டு, கொட்டாங்குச்சியைக் கழுவி மாட்டிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து போகிறான். கூடமே விசும்பியது. நிதினுக்கும் குரல் உடைந்தது.

பிற்பகலில் ஹேமந்த் முடிவை அறிவித்தார். புத்தகம் நிதினுடையது. அவனிடம் அந்த ஒரு கதைதான் இருந்தது. மீதியை எழுதி முடிக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள்.

ஜாக்குலின் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது நிதின் குடில் வாசலில் வந்து குனிந்து நின்றான். கையில் குறிப்பேடு. முகத்தில் நன்றி நிறைந்திருந்தது.

"உங்களாலதான்க்கா. நீங்க சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. பேரை மாத்திட்டேன், உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுல்ல" என்றான். சற்றுத் தயங்கிவிட்டு, "அப்பா அதுக்கப்புறம் என்னக்கா பண்ணாரு? அதை இன்னொரு கதையா வைக்கலாம்னு பார்க்கிறேன்" என்று கேட்டான்.

மோசஸ் அதற்கப்புறம் நடந்ததை மகளிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். ஒரு நாள், கடைக்காரர் டீ ஊற்றிய பிறகு, அவர் அதைக் கடைப் பலகையின் காலடியிலேயே கொட்டினார். கொட்டாங்குச்சியைத் தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்து உடைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அந்தத் தெரு முழுவதும் நடந்தார். அந்த அறுவடைக்கு அவரை ஒருவரும் வயலில் இறக்கவில்லை. மதுராந்தகம் வந்து ரயிலடியில் நெல் மூட்டை தூக்கினார். அங்கேயே வீடு பார்த்தார். மகள் டவுன் பள்ளியில் படித்ததும், தேர்வு எழுதி அலுவலகத்தில் உட்கார்ந்ததும், கதை எழுதியதும் எல்லாமே அந்த ஒரு மிதியிலிருந்துதான் தொடங்கின.

ஜாக்குலின் பையின் வாரை இழுத்து இறுக்கினாள்.

"அப்புறம் என்ன, குடிச்சாரு. வீட்டுக்குப் போனாரு" என்றாள்.

நிதின் அதைக் குறித்துக்கொண்டான்.