கொப்பரை மூட்டைகளுக்கு மேலே ஒரு படுதா

பினாங்கில் இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழ் நாடகம் நடந்த தகரக் கொட்டகை, பேசும்படம் வந்தபின் மூடிக்கிடந்தது. அதை இடித்தபோது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அறுபத்தேழு பொருள்களை எடுத்து வைத்தோம். அறுபத்தாறு பொருள்கள் ஒரு ரிக்‌ஷாவில் நான்கு நடையில் வந்துவிட்டன: கிரீடங்கள், விளம்பரத் தாள்கள், கட்டை உடைந்த ஹார்மோனியம், நுழைவுச்சீட்டுப் பெட்டி. அறுபத்தேழாவது, மேடையின் முன்படுதா. பதினெட்டு அடி அகலம், அரண்மனையும் இரண்டு மயில்களும் எழுதியது. அதை ஆறு பேர் தோளில் தூக்கி வந்தார்கள்.

இவற்றை வைத்து ஒரு காட்சிசாலை திறக்க இடம் கொடுத்தவர் ஒரு ராவுத்தர் முதலாளி. கீழே அவருடைய சரக்குக் கிட்டங்கி. மேல்மாடி சும்மா கிடந்தது. வாடகை வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான்: மாடியில் நெருப்பு கூடாது, சுருட்டுகூடக் கூடாது. மீறினால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முப்பத்தோராண்டு துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கணக்கெழுதிய கிராணி நான். திறப்புவிழா அன்று காலையில் கீழே எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டை கொப்பரைத் தேங்காய், நாற்பது டின் எண்ணெய். மாடிக்கு மரப்படி ஒன்றே, இருபத்துமூன்று படிகள். இந்த இடம் போனால் வேறு இடம் இல்லை. ஐந்து பேரிடம் கேட்டு, ஐந்து பேரும் இல்லை என்ற பிறகுதான் இவரிடம் வந்திருந்தோம்.

தெருப்பக்க ஜன்னல்களுக்கு முன்னால் பொருள்களைப் பரப்பி, அவற்றை மறைத்துப் படுதாவைத் தொங்கவிட்டோம். மாலை நான்கு மணிக்குப் படுதா ஏற வேண்டும். கூட்டம் பொருள்களைப் பார்க்க வேண்டும். அதை ஏற்ற, கொட்டகையில் கடைசிவரை படுதா இழுத்த பெரியவரையே ஜெலுத்தோங் பகுதியிலிருந்து அழைத்து வந்தேன். அது என் யோசனைதான்.

மூன்றே முக்காலுக்கு ஐம்பத்தெட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி முதல் வரிசையில். நான் படுதாவுக்குப் பின்னால் போனபோது, பெரியவர் ஒரு பித்தளைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் நான்கு கட்டி கற்பூரம். இடுப்பு மடிப்பில் தீப்பெட்டி புடைத்துக்கொண்டு தெரிந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் பார்க்காத நாடகம் குறைவு. ஆனால் பார்த்ததெல்லாம் முன்னாலிருந்து. கற்பூர வாசனை வாசலில் இருந்த சாமி படத்திலிருந்து வருகிறது என்றே நினைத்திருந்தேன். படுதாவின் முதுகுக்குக் கற்பூரம் காட்டித்தான் அதை ஏற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதனால் அழைத்து வந்தபோது அவரிடம் நிபந்தனையைச் சொல்லவும் தோன்றவில்லை.

இப்போது சொன்னேன். கொப்பரையைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன், படிகளைச் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், இன்று நாடகமே இல்லையே, அண்ணே, பின்னால் வெறும் சாமான்கள்தானே என்றேன்.

"அது எனக்குத் தெரியும், கிராணியாரே. படுதாவுக்குத் தெரியாதே."

தீப்பெட்டியைக் கேட்டேன். கொடுக்கவில்லை. ஒருமுறை கற்பூரம் காட்டாமல் அவசரத்தில் இழுத்தாராம். கப்பி கழன்று விழுந்து, ராஜா வேஷக்காரனுக்குத் தோள் போயிற்றாம். அதன்பின் ஒருநாளும் தவறியதில்லையாம். "நீங்க முன்னால போய் உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அப்படிச் சொன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா? தீப்பெட்டியை எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இரண்டு கிழவர்கள், சத்தமில்லாமல், ஒரு துணிக்கு அந்தப் பக்கம் ஐம்பத்தெட்டு பேரை வைத்துக்கொண்டு. என் கால் ஹார்மோனியத்தில் இடித்தது. அது ஒரு சுரம் முனகியது. கூட்டம் அமைதியானது.

படுதாவின் ஓரத்தை விலக்கிக்கொண்டு முதலாளி வந்தார். தட்டைப் பார்த்தார், தீப்பெட்டியைப் பார்த்தார்.

"கிராணியாரே, நான் என்ன சொல்லி இடம் குடுத்தேன்?"

பெரியவர்தான் பேசினார்.

"அவரு மேல குத்தமில்ல, முதலாளி. தீப்பொட்டி என்னோடது. கற்பூரம் இல்லாம நான் கயித்தத் தொட மாட்டேன். வேணாம்னா இப்பவே கெளம்புறேன்."

முதலாளியின் மூச்சு எனக்குக் கேட்டது. ஒன்பது மூச்சு எண்ணினேன். பிறகு அவர் ஜன்னலருகே போய் வெளியே எட்டிப் பார்த்தார். படுதாவின் முதுகு அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது.

"ரோடு என்னோடது இல்ல," என்றார். "அங்க நின்னு காட்டுனா உங்க படுதாவுக்குத் தெரியுமா?"

பெரியவரும் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எதிர்க்கடை ஓரமா நின்னாத் தெரியும்," என்றார். ஆனால் அவர் கீழே நின்றால் கயிற்றை யார் இழுப்பது? அதை அவர் வேறொருவர் கையில் கொடுத்ததே இல்லை. இரண்டு கயிறுகளையும் சேர்த்து என் கையில் திணித்தார். பாதியில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் படுதாவின் அடிக்கழி கோணிக்கொள்ளும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம், ஒரு ரிக்‌ஷாவுக்குப் பின்னால், தட்டில் சுடர் எழுந்தது. நான் இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது இழுப்பில் இடப்பக்கம் ஏறியது; வலப்பக்கம் நின்றுவிட்டது. மயில்கள் சாய்ந்தன. மேலே கப்பி கிறீச்சிட்டது. ராஜா வேஷக்காரனின் தோள் நினைவுக்கு வந்தது. கையை விடவும் முடியவில்லை.

முதலாளி வலப்பக்கக் கயிற்றை என் கையிலிருந்து பிரித்து எடுத்தார். "எண்ணுங்க, கிராணியாரே. உங்களுக்குத்தான் அது வருமே."

உரக்க எண்ணினேன். சேர்ந்து இழுத்தோம். கூட்டம் முதலில் பார்த்தது எங்கள் நான்கு கால்களை, யாரோ சிரித்தார்கள். பதினேழாவது இழுப்பில் கழி உத்தரத்தைத் தொட்டது. வெயில் உள்ளே அடித்தது. கை தட்டினார்கள்.

முதலாளி திரும்பவில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு ஜன்னலில் நின்று, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அணைஞ்சிருச்சு," என்றார் கடைசியாக. "அவர மேல வரச் சொல்லுங்க, வெயில்ல நிக்கிறாரு. இனிமேலும் எப்ப ஏத்துனாலும் கற்பூரம் ரோட்டுலதான்."

இனிமேலும் என்றார். அந்த ஒரு சொல்லில் இடம் எங்களுக்கு நிலைத்தது.

நான் இருபத்துமூன்று படியும் இறங்கி, தெருவைத் தாண்டிப் போய், தட்டில் இருந்த கரியின்மேல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். அணைந்துதான் இருந்தது. இன்னொரு செம்பும் ஊற்றினேன்.