சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன்

சினிமா எடுக்க வெள்ளைக்காரர்கள் எங்கள் தீவில் ரக்கிரக்கிக் கடற்கரைக்கு வந்தார்கள். அவர்களுடைய லாரி மணலில் புதைந்துபோனது. பெட்டிகளை இழுக்க மாட்டுவண்டிக்காரர் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். நல்ல ஆளாக இருந்தால் மற்ற தீவுகளுக்கும் கூட்டிப்போவார்களாம். கரும்பு வெட்டி வெறுத்துப்போயிருந்த என் சித்தப்பா அன்றே வண்டியைப் பூட்டினார். அவருக்கு இங்கிலீஷ் வராது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற ஒரே ஆள், பத்து வயதுப் பெண்ணான நான்தான். என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஆள் எடுக்கும் துரைக்கு மாடுகளைப் பிடித்துவிட்டது. நாளைக்கே வரச் சொன்னார். நாளைக்குத்தான் சித்தப்பா தீமிதிக்குக் காப்புக் கட்ட வேண்டும். கட்டினால் பத்து நாள் கோயிலிலேயே சாப்பாடு, படுக்கை. சித்தி பிரசவத்தில் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டது. தள்ளிப்போட முடியாது.

“பாப்பா, தீமிதின்னே சொல்லு. பத்து நாளு பொறுத்துக்கச் சொல்லு. பதினோராம் நாளு விடியக்கால மாட்டோட நிப்பேன்.”

தீமிதி காட்டுமிராண்டி வேலை என்று எங்கள் டீச்சர் சொல்வார். அதைத் துரையிடம் சொல்ல எனக்கு வெட்கம். சித்தப்பாவுக்கு விட்டுவிட்டு வருகிற காய்ச்சல், பத்து நாளில் சரியாகி வருவார் என்றேன். துரை பாவப்பட்டார். வேலையை வைத்திருப்பதாகச் சொன்னார்.

“எங்க பாப்பா வாயத் தொறந்தா வெள்ளக்காரனே மடங்கிட்டான் பாரு!” வழியில் கண்டவரிடமெல்லாம் சித்தப்பா இதையே சொன்னார்.

பத்தாம் நாள் அந்தத் துரையே தீமிதி பார்க்க வந்தார், கையில் காமிராவோடு. நான் எதற்கு வெட்கப்பட்டேனோ அதைப் படம் பிடிக்க வந்திருந்தார். சித்தப்பா வேப்பிலையோடு குழியில் இறங்கினார். துரை காமிராவைத் தாழ்த்தி அவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் காலை மாட்டோடு போய் நின்றோம். மணலில் வேறொருவன் மாடுகள் பெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. பொய்க்காரனுக்கு இங்கே வேலை இல்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் துரை திரும்பிக்கொண்டார்.

“என்னவாம் பாப்பா?”

“பத்து நாளு ரொம்ப அதிகமாம். வேற ஆளு எடுத்துட்டாங்களாம்.”

இது இரண்டாவது பொய். இதற்கு வெட்கம்கூடக் காரணமில்லை. பயம், அவ்வளவுதான்.

சித்தப்பா துரையைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. கையில் இன்னும் அவிழ்க்காமல் இருந்த மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். “ஆத்தாளுக்குப் பத்து நாளு குடுத்தேன். அவ எனக்கு இதக் குடுத்தா” என்றார். அதற்குப் பிறகு அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. சித்தி அழுதும் மிதிக்கவில்லை. சாகும்வரை கரும்புதான் வெட்டினார்.

என்மேல் கோபமில்லை என்பதே அன்றைக்கு எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு வேலையை மட்டும்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு வண்டியில் தூங்கிப்போனேன்.