பெயர் சொல்லாத வாடிக்கையாளர்

அந்தப் படகு எஞ்சினின் மூடியைக் கழற்றியபோது உள்ளே ஈரமான கடற்பாசியும் ஒரு கைப்பிடி மணலும் இருந்தன. அக்கா பாசியை விரலால் எடுத்து மணந்துவிட்டு, "இது கனகாலம் கடலுக்கடியிலை கிடந்திருக்கு" என்றார். அதைக் கொண்டுவந்த மனிதர் அரைமணி நேரத்துக்கு முன்புதான் பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போயிருந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் டென்மார்க்கின் ஓல்போர்க் நகருக்கு அகதியாக வந்து முதற் குளிர்காலம் கழிந்திருந்தது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்தியவன் என்று அறிந்த அலுவலர் ஒருவர், சிறுதொழில் தொடங்க விரும்பும் கிறீன்லாந்துப் பூர்வகுடியினருக்கான பயிற்சி வகுப்பில் என்னை உதவிக்குச் சேர்த்துவிட்டார். நான் அக்கா என்று அழைத்த கிறீன்லாந்துப் பெண்ணை அங்கேதான் கண்டேன். மீன் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் நின்றவர். தகப்பனின் படகு எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கை. எங்கள் பேச்சு அரைகுறை டேனிஷில் நடந்தது. நினைவில் அது தமிழாகவே நிற்கிறது. வகுப்பை நடத்திய டேனிஷ் ஆசிரியை, துறைமுகத்தில் பழைய ஐஸ் கிடங்கு ஒன்றை மூன்று மாதத்துக்கு எடுத்துத் தந்திருந்தார். அதற்குள் வாடிக்கையாளர் சேர்ந்தால் இடம் அக்காவுக்கு. இல்லையென்றால் மறுபடியும் தொழிற்சாலை. ஆசிரியை வாரமொருமுறை வந்து, வருகிறவரோடு எப்படிக் கதைப்பது, எந்த நாளுக்கு வேலையை ஒப்புக்கொள்வது என்றெல்லாம் பழக்குவார். ஆனால் இரண்டரை மாதமாகப் பழகியதைக் காட்ட ஆள் வரவில்லை. படகுக்காரர்கள் வாசல்வரை வந்து, அக்காவின் முகத்தையும் என் நிறத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

அன்று வந்தவர் மட்டும் திரும்பவில்லை. மஞ்சள் மழைக்கோட்டிலிருந்து நீர் வடிந்தது. வெளியே மழை இல்லை. எஞ்சினை மேசையில் வைத்தார். அக்கா அவர் பெயரைக் கேட்டார். பதில் சொல்லாமல் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் நின்ற இடத்தை நான் துணியால் துடைத்தேன். அந்தத் துணி காய்ந்தபோது அதில் உப்புப் பூத்திருந்தது.

மூன்று நாள் வேலை செய்தோம். சோதித்துப் பார்க்கத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி அக்கா கயிற்றை இழுத்த முதல் இழுப்பிலேயே எஞ்சின் உயிர்த்தது. ஆள்தான் வரவில்லை. மூடியில் கீறியிருந்த படகின் பெயரைத் துறைமுகத்துப் பழைய மாலுமி ஒருவரிடம் விசாரித்தேன். புகையிலை சுற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. அந்தப் படகு முந்தைய இலையுதிர்காலத்தில் உரிமையாளரோடு மூழ்கியதாம். உடலும் எஞ்சினும் அகப்படவில்லையாம். யாருடைய வலையிலாவது எஞ்சின் மாட்டியிருக்கலாம் என்று அவரே சொல்லிக்கொண்டார். இருக்கலாம்.

குருநகரில் கடலுக்குப் போன என் தம்பியும் அப்படித்தான் திரும்பாமல் போனவன். சிலுவை போட்டுக்கொண்டு, இதைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிடுவோம் என்றேன். ஆசிரியையோ பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார். அக்கா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை.

"திருத்தத் தந்தவர். திருத்தியாச்சு. வீட்டை கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் மிச்சம்."

மாலுமியிடம் வீட்டை விசாரித்து, எஞ்சினைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனோம். கதவைத் திறந்த, மூழ்கியவரின் மனைவி, எஞ்சினின் இழுகயிற்றிலிருந்த முடிச்சைத் தடவிப் பார்த்தார். கொண்டுவந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. "அவருக்குக் குளிர்ந்ததோ?" என்றுதான் கேட்டார்.

அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நனைஞ்சிருந்தவர். ஆனால் நடுங்கேல்லை."

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் சகோதரர்கள் தங்கள் எஞ்சின்களோடு வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து மற்றவர்கள். கிடங்கு அக்காவுக்கே ஆயிற்று.

ஆனால் எனக்குள் தங்கிவிட்டது, வெறும் வண்டியோடு நாங்கள் திரும்பிய வழிதான். நகரை ஒட்டிய ஃபியோர்ட் என்ற கடற்கழி பனிமூட்டத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீரின் சத்தம் மட்டும் பக்கத்திலேயே நடந்து வந்தது. அக்கா திடீரென்று, "உன்ரை தம்பியின்ரை எஞ்சின் என்ன நிறம்?" என்று கேட்டார்.

நீலம் என்றேன்.

"சரி. வந்தால் எடுத்து வைக்கிறன்."

பிறகு அக்கா, தன்னைப்போல் தொழில் தொடங்க வந்த கிறீன்லாந்துக்காரர் பலரைத் தானே பழக்கிவிட்டார். அவர் காலமான பின் அவர்களில் ஒருத்திதான் கடையை நடத்துகிறாள். போன மார்கழியில் முதன்முறையாக அவளைப் பார்த்தேன். நான் வாய் திறக்குமுன் என் முகத்தைப் பார்த்து, கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி, "நீல எஞ்சின் உங்கடையோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"இன்னும் வரேல்லை" என்றாள், ஒரு நாள் தாமதமான வேலையைப் பற்றிச் சொல்வதுபோல.