கழிஞ்சது, சம்சயம், பாக்கி

கழக்கூட்டம் சந்திப்பு நெரிசலில் அலுவலகப் பேருந்து நகராமல் நின்றிருந்த காலையில் பார்வதி அக்காவின் அழைப்பு வந்தது. "சுமதி, கழிஞ்சு" என்றார். அவ்வளவுதான். அவர் கணவர் தாணு அண்ணாச்சி பத்து நாளாக மருத்துவமனையில் இருந்தார். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. திருச்சியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த புதிதில் அந்தச் சொல் எனக்குப் புரிந்ததில்லை. புரியாததால் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் தமிழ் மன்றத்து நினைவு மலரில் அண்ணாச்சியைப் பற்றி நீங்கள் எல்லாரும் நல்லதாகவே எழுதுவீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் மீது ஒரு பழி இருக்கிறது, அது என்னுடையது.

ஓய்வு பெற்ற பிறகு அண்ணாச்சி கையில் எடுத்த வேலை உங்களுக்குத் தெரியும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் புகைப்படங்களை வீடு வீடாகப் போய் வாங்கி, கணினியில் ஏற்றி, பெயர் எழுதி வைப்பது. கல்யாண ஆல்பம் ஆனாலும் செல்போன் படம் ஆனாலும் அவருக்கு ஒரே மரியாதைதான். இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரும் தெரிந்தாக வேண்டும். "பேரில்லாத படம் வெறும் காயிதமாக்கும்" என்பார். ஒரு கல்யாணப் படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று கேட்டு ஆறு வீடு ஏறி இறங்கினார். கடைசியில் அது படம் எடுக்க வந்தவரின் மைத்துனர் என்று தெரிந்தது. அதையும் எழுதி வைத்தார்.

மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவள் என்பதால் மன்றம் என்னை அவருக்கு உதவியாகப் போட்டது. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளோடு இருந்தவர்; கணினியிலும் அதே ஒழுங்கு. மூன்றே ஃபோல்டர்கள்: பாக்கி, சம்சயம், கழிஞ்சது. வேலை தொடங்காதவை பாக்கியில். பெயரில் சந்தேகம் இருப்பவை சம்சயத்தில். மூன்றாவதற்கு நான் விளக்கம் கேட்கவில்லை. எனக்குத்தான் தமிழ் தெரியுமே.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ரயிலேறி நாகர்கோவிலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவார். பையில் ஒரு எவர்சில்வர் டப்பா, அதற்குள் ஹார்ட் டிஸ்க். அங்கே இருக்கும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு இதை வைத்துவிட்டு வருவார். மன்றத்துக் கணினி, அலமாரியில் ஒரு டிஸ்க், கிளவுட் என்று மூன்று பிரதி இருக்கும்போது இது எதற்கு என்று நான் சிரித்தேன். "தங்கச்சி சுடுற முறுக்குக்குத்தானே போறீங்க, அண்ணாச்சி?"

"முறுக்கும் உண்டு, பேக்கப்பும் உண்டு. ஒரே ஊர்ல மூணு வச்சா அது மூணு இல்ல மக்ளே, ஒண்ணாக்கும்."

அந்த வருடம் பொங்கல் விழா வீடியோக்களுக்கு இடம் போதவில்லை. மன்றத்துக் கணினியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். 'கழிஞ்சது' பெரிதாக இருந்தது. கழித்துப் போட்டது, கழிசல் என்றுதான் எனக்குப் பொருள்பட்டது. அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கணினியில் அழிந்தால் கிளவுடிலும் அலமாரி டிஸ்க்கிலும் அழியும்படி இணைத்து வைத்திருந்ததும் நான்தான். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கிளவுடின் குப்பையையும் விடாமல் துடைத்துவிட்டு, மேலே வீடியோக்களை ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி வந்து திரையைப் பார்த்தார். "கழிஞ்சது எங்க?" என்றார். சொன்னேன். "இந்த ஊர்ல கழிஞ்சுன்னா முடிஞ்சுன்னாக்கும்" என்றார். மூன்று வருட உழைப்பு அது.

நாகர்கோவில் டப்பா காப்பாற்றியது. ஆனால் அது முந்தைய முதல் சனிக்கிழமை வரைக்கும்தான். அதற்குப் பிறகு சேர்ந்தவை போனக்காட்டுப் படங்கள். மலைமேல் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், செல்போன்களை வாங்கிப் பிரதி எடுத்திருந்தார்.

அடுத்த செயற்குழுவில் விஷயம் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி எழுந்து, "ஒரு கையபத்தம் பற்றிப்போச்சு. கைதவறி அழிச்சது நானாக்கும்" என்றார். வயதானவர் கையில் கணினியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். உங்களில் சிலர் கை தூக்கினீர்கள். நான் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று படியிறங்கும்போது கேட்டேன். என் மேல் இரக்கம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "பேரு வச்சது நானல்லவா? படிக்கவங்களுக்குப் புரியாத பேரு வச்சா, தப்பு வச்சவன் மேலதான்" என்றார். வீட்டுக்குப் போனதும் பெயரை மாற்றிவிடுவதாகவும் சொன்னார். வேண்டாம், இனி எனக்கு மறக்காது என்றேன். சிரித்தார்.

பிறகு அவர் போனக்காட்டுக்குத் திரும்பப் போனார். பொறுப்பில் இல்லாதவர், தன் கைக்காசில் பேருந்தேறி, ஒவ்வொரு லயமாக. ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தன. செல்வமணி என்ற தொழிலாளிப் பெண்ணின் போன் அதற்குள் தண்ணீரில் விழுந்து கெட்டிருந்தது. இறந்துபோன அவள் கணவனின் ஒரே படம் அதில்தான் இருந்தது. இவ்வளவுதான் அண்ணாச்சி என்னிடம் சொன்னது. நானும் மேலே கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பார்வதி அக்கா அந்த டப்பாவை என்னிடம் கொடுத்தார். டிஸ்க்கைத் திறந்தேன். கழிஞ்சது நிறைந்திருந்தது. சம்சயத்தில் ஒன்றும் இல்லை. பாக்கிக்குள் ஒரே ஒரு ஃபோல்டர், 'செல்வமணி வீட்டுக்காரர்' என்ற பெயரில். உள்ளே ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனக்காடு போனேன். அழித்தது நான்தான் என்று செல்வமணியிடம் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அந்தப் பெரியவரு நாலு வாட்டி வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரே" என்றாள். "நாலு வாட்டியும் வாய்க்கு வந்தபடி ஏசிப்புட்டேன். ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல."

என்னை அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அவள் கணவன் எப்படி இருப்பான் என்று கேட்டேன். வெகுநேரம் சொன்னாள், எழுதிக்கொண்டேன்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்திருப்பவை ஒரு டப்பா, முதல் சனிக்கிழமை ரயில், அந்த ஒரு ஃபோல்டர். செல்வமணி சொன்னதை அதற்குள் போட்டிருக்கிறேன். இன்னும் பாக்கியில்தான் இருக்கிறது.