விக்கி விக்கி ஓடிய கலியாணம்

குடும்பத்தில் ஒருவனுக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று பேர் வந்துவிட்டால் அதோடு அவன் நிம்மதி போச்சு. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் நாள் முழுக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறவன். கப்பல் சாமான்களின் விபரங்களைத் தட்டுவது மட்டும்தான் என் வேலை. ஆனால் சல்லிக் கிராமத்தில் இருக்கும் என் அக்காவைப் பொறுத்தவரை, பிளக்கில் கொழுவுகிற எதையும் எனக்குத் திருத்தத் தெரியும். கிரைண்டர் நின்றாலும் எனக்குத்தான் போன் கோல் வரும்.

அன்றைக்கு வந்த கோல் வேறு மாதிரி. "தம்பி, மகன்ர கலியாணம் விக்குது. வந்து பார்" என்றாள்.

அவளுக்கு ஒரே மகன். கனடாவில் கலியாணம் நடந்தது. அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை. திரும்பவும் போட்டுப் பார்த்தோம், திரும்பவும் இல்லை என்றார்கள். கலியாணத்துக்குக் கட்டவென்று அவள் முன்னமே ஒரு சீலை எடுத்து வைத்திருந்தாள். அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை. அதை எடுத்த அன்று டவுன் கடையில் ஒரு பகல் முழுக்க நானும் கால் கடுக்க நின்றவன், அதனால் அந்தக் கரையை எனக்கு மறக்காது. விசா இல்லை என்றானதும் அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கொழும்பிலிருந்து பயணம் போகிற ஒருவரைப் பிடித்து அந்தச் சீலையை மகனுக்கு அனுப்பினாள். முன்வரிசையில் தனக்கு ஒரு கதிரை போட்டு அதில் சீலையை மடித்து வைக்கச் சொன்னாள். அத்தான் செத்துப்போன பிறகு மணவறைக்குக் கிட்ட நின்று ஒன்றும் செய்ய மாட்டேன் என்று இருக்கிறவள் அவள். ஒரு கதிரை போதும் என்பதுதான் அவள் கணக்கு. மகனும் வைத்ததாகப் போனில் சொல்லியிருந்தான். அந்தக் கதை அவள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தெரியும், அக்காவே போய்ச் சொன்னதுதான்.

பிறகு ஊருக்கு வந்த ஒருவரிடம் மகன் ஒரு டிவிடி கொடுத்துவிட்டான். வீடியோ வேறாக வருமாம். இதில் கலியாணப் படங்களைப் பாட்டோடு ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டிருந்தார்கள். அக்கா அதைத் தன்ர டிவிடி டெக்கில் போட்டாள், அது விக்கியது.

நான் போய்ப் பார்த்தேன். பாட்டு ஒழுங்காகப் போனது. படம் மட்டும் இழுத்து இழுத்து, நின்று, பிறகு பாய்ந்து போனது. மண்டபத்தைக் காட்டுகிற இடங்களில் இன்னும் மோசம். முன்வரிசை வரும்போது திரை கட்டம் கட்டமாக உடைந்து, அடுத்த கணம் மாப்பிள்ளை தாலியோடு நின்றான். அக்கா டிவிக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், "கதிரை எங்கையடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முதலில் டிஸ்கைக் குற்றம் சொன்னேன். அவள் அதை முந்தானையால் வட்டமாகத் துடைத்திருந்தாள். நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும் என்று பெரிய ஆள் மாதிரி விளக்கம் சொல்லித் துடைத்துக் கொடுத்தேன். விக்கியது. டெக்கைக் குற்றம் சொன்னேன். அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனேன். கடைக்காரர் உள்ளே துடைத்து ஒரு படத்தைப் போட்டார், அது எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. டெக்கில் ஒன்றும் இல்லை என்றார். என் லப்டொப்பில் போட்டால் கலியாணமும் நன்றாக ஓடியது. அப்போது டிஸ்கிலும் ஒன்றும் இல்லை. இரண்டுமே நல்லது, இரண்டும் சேர்ந்தால் மட்டும் கெட்டது. இப்படியான தம்பதிகளை நான் வெளியிலும் கண்டிருக்கிறேன்.

நல்ல வெறும் டிஸ்க் வாங்கி, மிகக் குறைந்த வேகத்தில் வைத்து இன்னொன்று எழுதினேன். அதுவும் விக்கியது. இணையத்தில் தேடினேன். ஒருவன் அதைச் செய் என்பான், அடுத்தவன் அதைச் செய்தால் எல்லாம் போய்விடும் என்பான். கடைசியில் ஒன்று மட்டும் விளங்கியது. அசையாத படங்கள் நன்றாக நின்றன. படம் மெல்லப் பெரிதாகிற இடத்திலும் பக்கவாட்டில் நகர்கிற இடத்திலும்தான் விக்கல். டிஸ்க் அந்த நாட்டு டிவிக்கு என்று செய்தது. அங்கே ஒரு செக்கனுக்கு ஓடுகிற படங்களின் எண்ணிக்கை வேறு, இங்கே வேறு. அக்காவின் கிழட்டு டெக் ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியாமல் இடையில் உள்ளதை விட்டுவிட்டுப் பாய்ந்தது. நானே மாற்றிப் பார்த்தேன். ஒருமுறை பாதியில் கரண்ட் போனது. அடுத்தமுறை முடிந்தது, ஆனாலும் விக்கல் பாதிதான் குறைந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டெக்கைக் கடலில் எறிந்திருப்பேன்.

இதற்கிடையில் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒழுங்கையில் இருக்கிறவர்களைச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டாள். வெளிநாட்டில் கலியாணம் நடந்தால் இங்கே சனத்துக்குச் சோறு போட்டுப் படம் காட்டாமல் விட ஏலாது என்பது அவள் கட்சி.

லப்டொப்பின் சின்னத் திரையில் ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் காட்ட ஏலாது, இனி ஒரே வழிதான் இருந்தது. ஓடுகிறதை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பிடித்தெடுத்து, அசைவே இல்லாமல் புதிதாக அடுக்கி எழுதுவது. சனிக்கிழமை அதோடு குந்தினேன். அப்படி நிறுத்தியபோதுதான் முன்வரிசையை முதல்முறை ஒழுங்காகப் பார்த்தேன்.

கதிரை இருந்தது. அதன்மேல் கோட்டுகள். அங்கே குளிர்காலம், வந்த சனம் கழற்றிய கோட்டுகளை ஆளில்லாத கதிரை என்று அதன்மேல் போட்டிருந்தது. கறுப்பு, சாம்பல், ஒரு பிள்ளையின் நீல ஜக்கெட், மேலே யாரோ ஒருவரின் கைப்பை. அடியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கரை தொங்கியது. கடுகு மஞ்சள். அடுத்த படத்திலும் அப்படித்தான், கோட்டுக் குவியல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. கோட்டுகள் வருவதற்கு முந்திய படம் ஒன்றாவது இருக்காதா என்று முழுவதையும் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

வெட்டிவிடலாம். ஒரு விசையை அமத்தினால் போதும். ஆனால் வெட்டினால் அவள் கடைசிப் படம் வரைக்கும் கதிரையைத் தேடிக்கொண்டிருப்பாள். விட்டால் கண்டுவிடுவாள். எந்தப் பக்கம் போனாலும் அவளுக்காக என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. இருக்கிறபடியே எழுதி எடுத்தேன்.

ஞாயிறு காலையில் வேளைக்கே போய், முதலில் நாங்கள் இருவரும் தனியாகப் பார்ப்போம் என்றேன். அக்கா குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கலியாணத்தை ஆரடா தனிய இருந்து பாக்கிறது?" என்றாள்.

சாப்பாடு முடிந்து சனம் பாயிலும் கதிரையிலும் இருந்தது. டிஸ்கைப் போட்டேன். ஒரு விக்கல் இல்லை. தம்பி கெட்டிக்காரன் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். என் வாழ்க்கையில் வேண்டாத பாராட்டு அதுதான். முன்வரிசைப் படம் வந்தது. அது முந்தி மாதிரிப் பாயவில்லை. நான் திருத்தியபடி, அசையாமல், தெளிவாக நின்றது. தட்டத்தில் வெற்றிலையோடு வந்த அக்கா நடுவழியில் நின்றாள். அடுத்த படத்துக்கும் நின்றாள். பிறகு வந்து தட்டத்தைக் கீழே வைத்தாள்.

படம் முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா சீலை வைத்த கதிரை எங்கே, தான் காணவில்லையே என்று கேட்டார்.

"அது இதில இல்லை" என்றாள் அக்கா. "இவன் திருத்தேக்க அந்தப் படம் அழிஞ்சுபோச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை.

"ஓம்" என்றேன். "என்ர பிழைதான்."

பிறகு கிடைத்தது எனக்கு. தெரியாத வேலையில் ஏன் கை வைத்தாய் என்றார் ஒருவர். டவுனில் எத்தனை ஸ்டூடியோ இருக்கு, அங்கே கொடுத்திருக்கலாமே என்றார் இன்னொருவர். தாய்க்காரி ஆசையாகப் பார்த்திருந்த ஒரே படம் என்று பக்கத்து வீட்டு அம்மா மூக்கைச் சிந்தினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவளால் பேசவும் ஏலாது.

பின்னேரம் சனம் போன பிறகு மகன் கோல் எடுத்தான். நான் டெக்கின் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா சீலையைக் கண்டவவோ, தான் விடியவே கொண்டுபோய் வைத்தது, பிறகு அந்தப் பக்கம் போகவே நேரம் கிடைக்கவில்லை என்றான்.

"கண்டனான் ராசா" என்றாள் அக்கா. "நல்ல வடிவாக் கிடந்தது. இங்க எல்லாரும் பாத்தவை."