பெட்டியில் உட்கார்ந்த பொதுமக்கள்

என் தம்பி மகளை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்த அன்று அவள் அழுத அழுகைக்குப் பக்கத்து வார்டு நர்ஸ் ஓடி வந்தாள். வளர்ந்த பிறகும் அந்தத் தொண்டை அடங்கவில்லை. படிப்பு ஏறாமல் பஸ் நிலையத்தில் நின்று அடுத்தவர் வேன்களுக்கு ஆள் கூப்பிடப் போனாள். "கத்தியே பொழைக்கிறா" என்று தம்பி தலையில் அடித்துக்கொள்வான். அவளோ அடுத்தவர் வண்டியை நிரப்பி நிரப்பி, ஒருநாள் பழைய வேன் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள்.

எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது, பஸ் ஏறாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், தையல் கம்பெனிக்குப் போகிறவர் எல்லோருக்கும் ஹாரன் வேன்தான். சீட் நிறைந்துவிட்டால் நடுவில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போடுவாள். அந்தப் பெட்டி எனக்கு. வேறு யாராவது உட்கார்ந்தால், நான் பார்க்கிற பார்வையில் எழுந்துவிடுவார்கள்.

அந்த வேனைத்தான் ஒரு காலையில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். கோர்ட்டில் பொதுநல வழக்காம். மேட்டு மக்களின் உயிருக்கு ஆபத்தாம். வழக்கு முடியும்வரை வேன் ஓடக்கூடாதாம். போட்டவர் கீழே டவுனில் இருக்கிறவர். எடுத்ததற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவதால் மனுக்காரர் என்றே பெயர். அவருடைய மச்சான் டாக்சி கம்பெனி முதலாளி.

எனக்கு வந்ததே ஆத்திரம். மேட்டு மக்கள் என்றால் அதில் நான் இல்லையா? என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

சாயங்காலம் அவரே மேடேறி வந்தார். மூச்சு இரைத்தது. வீடு தேடி வந்தவராயிற்றே என்று தண்ணீர் கொடுத்தேன்.

"உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. வேன மச்சான் கம்பெனியில சேத்துடு. நாளைக்கே கேஸ வாபஸ் வாங்கிடறேன்."

"அப்ப மக்களோட உயிரு?" என்றாள் ஹாரன்.

"போர்டு மாறினா எல்லாம் சரியாயிடும்."

"சார், நடந்தா வந்தீங்க?"

"ஆமா, முட்டி போச்சு."

"வேன் ஓடியிருந்தா கொண்டாந்து விட்டிருப்பேனே."

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டே மேடிறங்கிப் போனார். ஹாரன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வேன் போனால் மறுபடி பஸ் நிலையத்தில் அடுத்தவர் வண்டிக்குத்தான் கத்த வேண்டும்.

வழக்கு நாளில் தெருவே நடந்து கோர்ட்டுக்குப் போனது. உள்ளே நிற்க இடமில்லை. மனுக்காரரின் வக்கீல் திரும்பிப் பார்த்தார், கூட்டத்தைக் கண்டார், அவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு எழுந்து, வழக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்றார்.

தையல் கம்பெனிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். நான் மனசுக்குள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தே விட்டேன். அப்போது பார்த்து ஹாரன் எழுந்தாள்.

"விடாதீங்கய்யா." ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "கூட்டம் கலைஞ்சதும் மறுபடி போடுவாரு. வண்டிய மச்சானுக்குக் குடு, வாபஸ் வாங்கறேன்னு வீட்டுக்கே வந்து கேட்டாரு. என் வண்டி ஆபத்தா இல்லையான்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க. ஆபத்துன்னா நானே ஓட்ட மாட்டேன்."

"மெதுவா சொன்னாலும் கேட்கும்மா" என்றார் நீதிபதி.

"இதுதாங்கய்யா மெதுவு."

"அவர் வீட்டுக்கு வந்ததை யார் பார்த்தது?"

"நான்தான்யா தண்ணி குடுத்தேன்" என்றேன். "முழுசாக் குடிச்சிட்டுத்தான் கேட்டாரு."

நீதிபதி மனுக்காரர் பக்கம் திரும்பினார். "மக்களோட வழக்குன்னுதானே போட்டீங்க? அத நீங்க மட்டும் எப்படி எடுத்துட்டுப் போவீங்க? அந்த மக்கள் இங்க இருக்காங்களா?"

முதல் கை என்னுடையது. திரும்பிப் பார்த்தால் மண்டபம் முழுக்கக் கை. வாபஸ் கிடையாது, வண்டியைப் பரிசோதிக்கட்டும் என்று உத்தரவானது.

மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்தார். மேட்டில் ஏற்றினார், இறக்கினார், பாதிச் சரிவில் நிறுத்தினார். வேன் ஆணி அடித்தது போல் நின்றது. நாங்கள் பின்னாலேயே ஓடினோம், எனக்கு மூட்டுவலி மறந்தே போனது. வண்டியை விட்டு இறங்கும்போது இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"அத்த சீட்டு" என்றாள் ஹாரன். பொய் சொல்லத் தெரியாதவள்.

தீர்ப்பு வந்தது. மச்சான் லாபத்துக்கு மக்கள் பெயரைச் சொல்லிப் போட்ட வழக்கு, தள்ளுபடி. மனுக்காரருக்கு அபராதம். வேன் ஓடலாம். ஆனால் சீட்டுக்கு மேல் ஒரு ஆள்கூட ஏறக்கூடாது, பெட்டியை எடுத்துவிட வேண்டும்.

"ஜட்ஜு வந்தா பாக்கப் போறாரு?" என்றேன்.

"கை தூக்குனது நீங்கதான அத்த?" என்றாள்.

நேற்று கடைசி சீட்டுக்குத் தையல் கம்பெனிப் பெண் முந்திக்கொண்டாள். "அடுத்த டிரிப்பு, அத்த" என்று ஹாரன் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். நான் நகரவில்லை. வேன் திரும்பி வந்ததும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். எனக்கு எங்கும் வேலை இல்லை. இருந்தாலும் கடைசிவரை போய்த் திரும்பி வந்தேன்.