பின்லாந்து மாவுக்கு நான் கட்டிய வேர்

ஜேர்மன் பேசும் பேர்ண் நகரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் இலக்கணம் கற்பிக்கிறேன். சமையலறையில் இனிப்புப் பண்டங்களைச் செய்பவள் பின்லாந்துக்காரி. வெண்ணெயை உள்ளே வைத்துப் பலமுறை மடித்து உருட்டுவதால், சுட்டதும் தாள்தாளாகப் பிரியும் மாவை அவள் தன் மொழியில் ‘லெஹ்திதைக்கினா’ என்பாள். ‘லெஹ்தி’ இலை, ‘தைக்கினா’ பிசைந்த மாவு.

இலை என்றும் ‘தை’ என்றும் அடுத்தடுத்துக் கேட்ட பின் தமிழ் படித்தவன் வாளாவிருப்பானா? ஈர்க்கால் தைத்த தையல் இலை நினைவுக்கு வந்தது. ஏடேடாகத் தைத்த மாவு என்று பொருள் கண்டு, தமிழே அதன் வேர் என நிறுவி, ஆறு பக்கக் கட்டுரை எழுதிப் பள்ளியின் ஆண்டுமலருக்கு அனுப்பினேன்.

மறுவாரம் அவளிடம் பெருமையோடு சொன்னபோது உருளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். குளிரறைப் பெட்டியில் ஒட்டியிருந்த ஜேர்மன் பெயரைக் காட்டினாள்: பிளேட்டர்டைக். அதுவும் இலைமாவுதான்.

“எங்கள் சொல்லும் இதே அமைப்புத்தான். ‘தைக்கினா’வோ ஜேர்மானிய அயலவரிடம் எங்கள் முன்னோர் எப்போதோ வாங்கியது. மாவுக்கு நீ தினமும் ஜேர்மனில் சொல்லும் ‘டைக்’குக்கு உறவு,” என்றாள்.

வேலை முடிந்ததும் நூலகத்துக்குச் சென்று சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினேன். அவள் சொன்னதே சரி. என் மாணவர்கள் இங்கே பிறந்தவர்கள். என்னைவிட நன்றாக ஜேர்மன் அறிந்தவர்கள். ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் நான் கற்பிக்கும் புணர்ச்சி விதியை யார் நம்புவார்?

ஆரா நகரிலிருக்கும் மலராசிரியரை உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

“அண்ணை, மலர் அச்சுக்குப் போட்டுதோ?”

“ஓம் தம்பி, நேற்றே போட்டுது.”

என் ஆறு பக்கமும் போய்விட்டதென்று நான் எண்ணும்போதே அவர் தொடர்ந்தார்.

“உம்மட கட்டுரைதான் போகேல்லை. நீளம் கூடிப்போச்சு, கடைசிப் பக்கங்களைப் பிறகு அனுப்புறன் எண்டு அச்சகத்துக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். ஏன், இன்னொரு நாட்டையும் தமிழாக்கிப்போட்டீரோ?”

“இல்லை அண்ணை, பின்லாந்தைத் திருப்பிக் குடுக்கப்போறன். அது முழுப் பிழை.”

நடந்ததைச் சொன்னேன். அவர் இருமும் வரை சிரித்தார்.

“அப்ப அந்த இடத்துக்கு என்னத்தைப் போடுறது?”

“எப்பிடிப் பிழைவிட்டனான் எண்டு அரைப் பக்கம் எழுதித் தாறன்.”

“அதைத்தான் பிள்ளையள் முதல் வாசிக்குங்கள்,” என்றார்.

அன்று மாலையே எழுதி அனுப்பினேன்.